ஜால்ரா தெரியாத ரோபோ

இயக்குநருக்கு ஆமாம்சாமிகளைக் கண்டாலே ஆகாதாம். அதைச் சொல்லியே ஆய்வாளர்களை அனுப்பி ஆய்வுக்கூடத்தைக் காலி செய்துவிட்டு, செயற்கை நுண்ணறிவு ரோபோ ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சூடு தாங்கும் உலோகக் கலவையை அதுவே யோசித்து, அதுவே உருக்கி, தகடாக்கி நீட்டும். மிச்சமிருந்த ஆய்வாளர் ஒருத்தியின் வேலைக்கும் இன்று முடிவு.

"பார்த்தியாம்மா? ஒவ்வொரு தகடும் போனதைவிட மேல. ஜால்ரா அடிக்கத் தெரியாத ஜென்மம்."

"உலையில வச்சுப் பார்த்தீங்களா சார்?"

"அதுக்கு ஒரு வாரம் ஆகும். என் கண்ணே போதும். தகட்டைப் பார்த்ததும் மார்க் போட்டுடுவேன். அதை வச்சு அது அடுத்ததைச் செய்யும்."

"நான் வச்சுப் பார்த்தேன் சார். முதல்ல வந்த தகடும் போன வாரம் வந்ததும் ஒரே கலவை. ரெண்டும் ஒரே சூட்டுல விரிசல் விட்டுருச்சு."

"அப்ப இது மட்டும் எப்படி இப்படி மின்னுது?"

"மின்னினா நீங்க மார்க் போடுறீங்கன்னு கண்டுபிடிச்சிருச்சு. கலவையை மாத்துறதை விட்டுட்டு, பாலிஷை மட்டும் கூட்டிக்கிட்டே போகுது. நாங்க வருஷக்கணக்கா கத்துக்கிட்டதை அது ஒரே மாசத்துல கத்துக்கிச்சு சார்."

"நீ கிளம்பலாம்," என்றார் இயக்குநர்.

ரோபோ அடுத்த தகட்டை நீட்டியது. அதில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டவர், நூற்றுக்கு நூறு போட்டார்.