சாரத்தின் மேலே ஒரு முகம்

கல்லூரித் தேவாலயத்தின் உயர்ந்த வளைவுக்குக் கீழே சாரம் கட்டியிருக்கிறது. வண்ணக் கண்ணாடி வழியே வரும் வெயில், உப்புப் பூத்த சுவரில் நீலமும் சிவப்புமாகக் கிடக்கிறது. சுவரிலுள்ள தேவதைக்கு வினோதினியின் முகம். சுனாமிக்கு முந்தைய வருஷம், தேவனாம்பட்டினம் கடற்கரையில் அவளைப் பார்த்து, இங்கே வரைந்தவர் ஓவியர் இளவரசு. இன்று பழைய பூச்சு முழுவதையும் சுரண்டப்போகிறார்கள் என்பதால், அவளுடைய அம்மா பூங்காவனத்தை அவரே அழைத்துவந்து சாரத்தில் ஏற்றியிருக்கிறார். இருபது வருஷமாகத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்த முகத்தை, நெற்றியிலிருந்து மோவாய்வரை அவள் விரலால் தடவுகிறாள். "போன்ல படம் எடுத்துட்டேன்க்கா. எறங்கலாமா?" என்கிறார் இளவரசு. "செத்த நேரம் இருப்பா. அலை வந்த அன்னிக்கு இவ ஒடம்பு கெடைக்கல. இப்பதான் தொடுறேன்." கொத்தனார் கரண்டியோடு காத்திருக்கிறார். பூங்காவனம் முந்தானையால் அந்த முகத்தை மெல்லத் துடைத்துவிட்டு நகர்கிறாள். "ம், சொரண்டுங்க."