மொட்டைக் கத்தி

ரொமேஷ் கத்தியை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தான். எதிரே நின்ற மனைவி டொறீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரத்தம் வரவில்லை. வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது, அதுவும் கொஞ்ச நேரத்தில் மறைந்தது.

“பாத்தியா? வாசப்படி சீமெந்துல தேச்சுத் தேச்சு நானே மொட்டையாக்கினது,” என்றான். “இனி இந்த வீட்டுல ஒரு தக்காளிகூட ஒழுங்கா வெட்ட ஏலாது. வெங்காயத்தையெல்லாம் கடையிலயே அரிஞ்சு கொண்டாந்துடுறேன்.”

பலாபத்வலயில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையல்காரன் அவன். கத்தி தீட்டுவதில் கைதேர்ந்தவன். மற்ற ஆண்களைப் போலக் கோபம் வந்தால் கூச்சல் போட்டுத் தொலைத்திருந்தாலாவது பரவாயில்லை. இவன் பேசாமல் தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, அதன் சொரசொரப்பான அடி வளையத்தில் கத்தியைத் தீட்டத் தொடங்குவான். அந்தச் சர், சர் சத்தம் கேட்டாலே மனைவிக்கும் மகளுக்கும் ஈரக்குலை நடுங்கும். தீட்டி முடித்துக் கட்டைவிரலால் கூர் பார்த்த பிறகுதான் டொறீனைக் கூப்பிடுவான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அப்படிக் கூப்பிட்ட அன்று அவள் முன்கையில் பதினொரு தையல் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வில்கமுவவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் ரொஷானிக்கு ஓ.எல். பரீட்சைப் படிப்பு கெட்டுவிடும் என்று அவளை இங்கேயே விட்டுப் போனாள். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுத் தன் உயிரை மட்டும் காப்பாற்றிக்கொண்டோமே என்ற குத்தல் அவளுக்கு ஒரு நாளும் ஓயவில்லை.

கோயில் பாதர்தான் போன் பண்ணினார். ரொமேஷ் குடியை விட்டுவிட்டான், ஒரு தரம் வந்து பார்த்துவிட்டாவது போ என்றார். அதற்காக வந்தவள் தன் பையை இன்னும் கதவோரத்திலேயே வைத்திருந்தாள். வில்கமுவவுக்குப் போகும் கடைசி பஸ் மூன்று மணிக்கு.

“மத்தக் கத்திங்க எங்க?”

“நாலையும் கடைக்குக் குடுத்துட்டேன்.”

“மஞ்சப் பிடி போட்ட சின்னது ஒண்ணு இருந்துச்சே?”

ரொமேஷ் தலையைச் சொறிந்தான். “அதத்தான் நானும் தேடுறேன். கண்ணுலயே படல.”

டொறீனின் கண் கதவோரத்துப் பைக்குப் போனது. ஆனால் தேத்தண்ணி ஊற்றும்போது அவன் கை நடுங்கவில்லை, பக்கத்தில் வந்தபோது சாராய வாடையும் இல்லை. அவள் கையை வெட்டிய அன்றைக்கு, கத்தி தீட்டும் பழைய கோப்பையை அவன் எறிந்து உடைத்த அடையாளம் மட்டும் அடுப்படிச் சுவரில் அப்படியே இருந்தது.

“இது போன மாசம் புதுசா வாங்கினது,” என்று வெள்ளைக் கோப்பையை நீட்டினான்.

“அது என்னோட கோப்பை. அம்மாவுக்கு வேற ஒண்ணுல குடுங்க,” என்றாள் அறை வாசலில் நின்ற ரொஷானி.

பதினாறு வயது. அம்மா வந்து இரண்டு மணி நேரமாகியும் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. கோபம் இருக்காதா என்று டொறீன் தன்னையே நொந்துகொண்டாள்.

“கழுவித் தந்துடுறேன் புள்ள,” என்று டொறீன் வாங்கிக் குடித்தாள். “வெரல்ல என்ன பிளாஸ்டர்?”

“கணக்குப் பெட்டிக் கொம்பாஸ் குத்திருச்சு,” என்று கட்டைவிரலை மடக்கி மறைத்துக்கொண்டாள்.

ரொமேஷ் சட்டையை மாட்டினான். “மீன் வாங்கிட்டு வாறேன். இருக்கிறதா, போறதான்னு நீயே முடிவு பண்ணு. நான் கையப் புடிச்சு இழுக்க மாட்டேன்.” சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்கச் சட்டென்று திரும்பி நடந்தான்.

பாழாய்ப்போன மனசு, டொறீனுக்கு இளகிவிட்டது. பையைத் திறந்து இரண்டு உடுப்பை எடுத்துக் கொடியில் போட்டாள். அப்புறம் கோப்பையைக் கழுவப் போனாள்.

கழுவிக் கவிழ்த்தபோதுதான் அடியைப் பார்த்தாள். வெள்ளையாய் இருக்க வேண்டிய வளையம் முழுக்கக் கறுப்புக் கறுப்பாய்க் கோடுகள். கத்தி தீட்டினால் விழும் அந்தக் கறுப்பை அவளுக்கா தெரியாது? அதுவும் போன மாதம் வாங்கிய கோப்பையில்!

அடப்பாவி, என்ன நடிப்பு நடித்தான்! கொடியில் போட்டதைப் பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு மகளின் அறைக்கு ஓடினாள்.

“ரொஷானி, உடுப்ப எடு, போயிருவோம். ஒங்கப்பா மறுபடி கத்தி தீட்டத் தொடங்கிட்டாரு. இந்தத் தடவ ஒன்னைய விட்டுட்டுப் போக மாட்டேன்!”

ரொஷானி கட்டிலை விட்டு எழும்பவில்லை. அம்மாவின் கையில் இருந்த தையல் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையணையைத் தூக்கி, அடியிலிருந்து மஞ்சள் பிடிக் கத்தியை எடுத்தாள். பிளாஸ்டரைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் கூர் பார்த்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. “டொறீன், நல்ல பாரை மீன் கிடைச்சிச்சு!” என்ற ரொமேஷின் குரலில் அத்தனை சந்தோசம்.

“அப்பா இல்லம்மா, நான்தான் தீட்டினேன்,” என்றாள் ரொஷானி. “இந்தத் தடவ நீங்க ஓட வேணாம்.”