அடையாளம் தெரியாத சாதனம்

"மவுஸ் ஓடுது, கீபோர்டு ஓடுது, எங்க அக்கா மட்டும் ஓடலையா மாமா?"

மெக்கானிக் மைத்துனன் கேட்டது கிண்டல் இல்லை, வயிற்றெரிச்சல். காலை எட்டு மணியிலிருந்து மேசைக்கு அடியில் படுத்து, யூஎஸ்பி வயரை ஒவ்வொரு ஓட்டையாக மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தான். எதில் செருகினாலும் திரையில் ஒரே வரிதான் வந்தது: அடையாளம் தெரியாத சாதனம்.

அந்தச் சாதனம், கட்டிலில் கிடந்த அவன் அக்காவின் புருவத்துக்கு மேல் ஒட்டியிருந்த சட்டைப் பொத்தான் அளவு சென்சார். இரண்டு வருடத்தில் நரம்பு நோய் அவள் உடம்பை ஒவ்வொரு அறையாகப் பூட்டிவிட்டுப் போயிருந்தது. கை, கால், நாக்கு, இமை எதுவும் இப்போது அசையாது. காது மட்டும் நன்றாகக் கேட்கும். புருவத்துக்குள், வெளியே தெரியாத ஒரு துடிப்பு மிச்சம் இருந்தது. கணினி எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, வேண்டிய எழுத்து வரும்போது அவள் துடிப்பாள், சென்சார் பிடித்துத் திரையில் எழுதும். அவள் பேச்செல்லாம் அப்படித்தான்.

அதைச் செய்து கொடுத்தவர் அவள் கணவர். கணினியின் கர்னலுக்கு நிரல் எழுதுவது அவர் பிழைப்பு. கர்னல்தான் கணினிக்குள் எல்லாவற்றுக்கும் முதலாளி. எந்தெந்தச் சாதனத்துக்கு டிரைவர், அதாவது அதோடு பேசத் தெரிந்த குட்டி நிரல், வேண்டும் என்று மைல் நீள மெனு ஒன்றில் குறித்துக் கொடுத்துத்தான் அதைத் தயாரிக்க வேண்டும். குறிக்காத சாதனம் வாசலில் வந்து நின்றால் அது ஏனென்று கேட்காது. செவ்வாய்க்கிழமை அவர் புதுக் கர்னல் போட்டார். அன்றிலிருந்து அக்காவின் வாய் அடைத்துப்போனது.

"பக்கத்து வீட்டு லேப்டாப்ல செருகிப் பாத்தா என்ன?"

"இதுக்கு டிரைவர் நான் எழுதினது மாப்ள. வேற எந்த மெஷினுக்கும் இதைத் தெரியாது."

"அப்ப பழைய கர்னலையே போடுங்க."

"இடம் பத்தலைன்னு அழிச்சுட்டேன்."

மைத்துனன் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "நானே புது பார்ட்டு ஓடுற வரைக்கும் கழட்டினதைத் தூக்கிப் போட மாட்டேன். இருபது வருஷ சர்வீஸ் உங்களுக்கு!"

"புத்தி கெட்டுப் போச்சு. விடேன்."

நாலு மணிக்கு டாக்டர் வருகிறார். அக்காவுக்கு மூச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது. தொண்டையில் துளை போட்டுச் சுவாசக் கருவி பொருத்தினால் சில வருடங்கள் இருப்பாள், இல்லாவிட்டால் சில வாரங்கள்தான். ஆனால் அவள் சம்மதத்தை அவளிடமே கேட்ட பிறகுதான் கத்தியை எடுப்பேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"'சரி'ன்னு ரெண்டே எழுத்து மாமா. அதைக்கூட வாங்கித் தர முடியலைன்னா நீங்க என்ன இன்ஜினியர்?"

சொன்ன பிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். கீபோர்டு நனைவதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மூன்றரைக்கு அன்றைய நான்காவது கர்னல் தயாரானது. கணினியை அணைத்துப் போட்டார். வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. மவுஸ் வந்தது. கீபோர்டு வந்தது. மைத்துனன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அடையாளம் தெரியாத சாதனம்.

அவன் அக்காவின் காதருகே குனிந்தான். "அக்கா, நீ ஒண்ணும் பயப்படாத. நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா?"

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அவள் தோளைத் தொட்டு, "நான் பேசறது உங்களுக்குக் கேக்கும்னு தெரியும்மா" என்றார். பத்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பைக்குள் கையை விட்டு ஒரு படிவத்தை எடுத்தார்.

"இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்னா மூச்சு தாங்காது சார். அவங்களால சொல்ல முடியாத நிலைமைன்னா, அடுத்து முடிவு சொல்ல வேண்டியது நீங்கதான். கையெழுத்துப் போடறீங்களா?"

"போடறேன் டாக்டர்."

"இதைப் பத்தி முன்னாடி எப்பவாவது ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

"இல்ல." அவர் டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணும் சொல்லல."

கையெழுத்து கோட்டை விட்டு எங்கோ போயிற்று. அது போதும் என்றார் டாக்டர். மைத்துனன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டே வழியனுப்பக் கூடவே இறங்கிப் போனான்.

அறையில் இருவர் மட்டும். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து மனைவியின் நெற்றியில் கை வைத்தார்.

"கோவமா?" என்றார்.

சென்சாருக்கு அடியில் ஏதாவது துடித்திருக்கலாம். வெளியே தெரியவில்லை.

இன்று தயாரித்த நான்கு கர்னல்களில் ஒன்றில்கூட அந்த ஒரு டிரைவரை அவர் குறிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தக் குறியை எடுத்தவரும் அவர்தான். அன்று காலை ஒன்றரை மணி நேரம் எழுத்தெழுத்தாகத் துடித்து அவள் எழுதியிருந்தாள்: "துளை போட வேண்டாம். எனக்குப் போதும். டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க அழாம பக்கத்துல நில்லுங்க."