தொண்டை எண்

தொலைபேசிக் குரலைச் சுருக்கும் மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலை. அந்த மென்பொருள் குரலை அப்படியே அனுப்பாது. தொண்டை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது, வாய் எப்படித் திறக்கிறது என்று அளந்து, எண்களை மட்டும் அனுப்பும். மறுமுனை அவற்றிலிருந்து குரலைக் கட்டியெழுப்பிக்கொள்ளும்.

மதியம் கணவனைச் சாதாரண இணைப்பில் கூப்பிட்டு, அவன் குரலை அந்த மென்பொருளில் அளக்கவிட்டாள். வெளியூர் வேலை முடிந்து முந்தின நாள்தான் அவன் திரும்பியிருந்தான்.

"பாப்பாவ ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்துட்டேன். நீ மெதுவாவே வா."

திரையில் தொண்டை அதிர்வு பூஜ்யம். கிசுகிசுத்தால் பூஜ்யம் வரும். அவனோ கணீரென்று பேசினான்.

பக்கத்து மேசைக்காரரைப் பேசச் சொன்னாள்.

"வீட்ல என் சத்தம் எழும்பாது. இங்கயாவது எழும்புதா பாருங்க" என்றார். திரையில் நூற்றுப் பதினெட்டு. கருவியில் கோளாறில்லை.

அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவன் மகளை மடியில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். விளையாட்டுப்போல அவன் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள். கதை நிற்கவில்லை. சுவரைத் தொட்டதுபோல, கைக்கடியில் ஓர் அதிர்வும் இல்லை.

"அப்பா மாதிரி பேச நானும் கத்துக்கிட்டேம்மா" என்று மகள் கழுத்தை நிமிர்த்திக் காட்டினாள். "தொட்டுப் பாரேன்."