மேல்வரிசைக் குரல்

"அந்த நீல ஹெல்மெட்டு ஆறு பேரையும் மொத்தமா அமுக்கிடும்மா. மூச்சு சத்தம்கூட வெளிய வரக் கூடாது."

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிரே, மொபைல் கடை மாடியில் இருந்த ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் உட்கார்ந்துகொண்டு, அதை நடத்தும் மெர்சிக்கு இப்படி உத்தரவு போட்டவர் ஜெகன். இரும்பு வார்ப்புக் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர். ஆண்டு விழாப் பாட்டு அவர் பொறுப்பு. ஜி.எம். நாற்காலி காலியாகக் கிடந்தது, பாட்டு எம்.டி.க்குப் பிடித்துவிட்டால் அந்த நாற்காலி தனக்குத்தான் என்று ஜெகன் மனசுக்குள் உட்கார்ந்தே பார்த்துவிட்டார்.

வாசலில் நின்ற சாம்சன் தயங்கினார். பதினெட்டு வருஷமாகக் காண்டிராக்ட் ஆள். "சார், மெர்சி கூப்டுச்சுன்னு மொத ஆளா வந்து பாடுனேன் சார். ஷிப்டு முடிச்சிக்கினு அப்படியே வந்தோம். ஒரு வரியாவது எங்க குரல் இருக்கட்டும் சார், ஊட்ல புள்ளைங்க கேக்கும்."

"காண்டிராக்டுக்குக் குரல் இன்னாத்துக்குப்பா? போய் வேலையப் பாரு."

சாம்சன் படி இறங்கிப் போனார்.

ஜெகன் கம்ப்யூட்டர் திரைக்கு முகத்தைக் கொண்டுபோனார். ஒவ்வொருவர் குரலும் ஒரு பட்டையாக, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தது. அதற்கு டிராக் என்று பெயர்.

"இன்னாம்மா இது, கேண்டீன் கியூ மாதிரி கலந்து கெடக்குது? பதவிப்படி அடுக்கு. ஆபீசருங்க வெள்ளை, பர்மனென்ட் மஞ்சள், காண்டிராக்ட் நீலம். ஹெல்மெட்டு கலரேதான்."

மெர்சி மவுஸை நகர்த்தினாள். பட்டைகள் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தன. "உச்சியில இருக்குறத மட்டும் நவுத்தல சார். மொதல்ல பாடுனது அவருதான். அவரு குரலைக் கேட்டுக்கினுதான் மத்தவங்க எல்லாம் பாடுனாங்க."

"உச்சியில இருக்குறவர யாரும்மா நவுத்தச் சொன்னா? அது எம்.டி.! அவர நவுத்துனா, என்னை நவுத்திடுவாங்க."

பாட்டைப் பாடி நேராக ஸ்டூடியோவுக்கே வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுவதாகப் போன மாசம் எம்.டி. வாக்குக் கொடுத்திருந்தார்.

"சார், அது வந்து..."

"குறுக்க பேசாத. வெள்ளை அடி."

மெர்சி உதட்டைக் கடித்துக்கொண்டு வெள்ளை அடித்தாள்.

பட்டைகளின் மேல் ஒரு மெல்லிய கோடு ஓடியது. கோட்டை எங்கே ஏற்றி எங்கே இறக்கி வைக்கிறோமோ, பாட்டு ஓடும்போது அங்கங்கே சத்தம் தானாக ஏறும், தானாக இறங்கும். அதைத்தான் ஆட்டோமேஷன் என்பார்கள் என்றாள்.

"எனக்கேவா சொல்லித் தர்ற? எங்க பிளாண்டுல ஆட்டோமேஷன் வந்தப்ப நாப்பது பேர் வெளிய போனான். இங்க ஆறே பேர்தானே, இழு."

நீலக் கோடுகள் எல்லாம் தரைக்குப் போயின.

"எம்.டி. வாயத் தொறந்தா மத்தவன் எல்லாம் தாழணும். என்னையும் சேத்துத்தான்." அதுவும் நடந்தது.

ஓட்டிக் காட்டினாள். மேல்வரிசைக் குரல் அறையை நிறைத்தது. சரணம் முடிகிற இடத்தில் மட்டும் ஒரு சின்ன இருமல்.

"இருமலை வெட்டிடவா சார்?"

"கை வெக்காத! இன்னா கம்பீரம் பாரு. ஏசி ரூம் இருமலே தனிம்மா."

காதால் கேட்க வேண்டியதையும் கண்ணால் கேட்கிறவர் ஜெகன். பட்டைகள் ஒழுங்காக அடுக்கியிருந்ததில் அவருக்குப் பரம திருப்தி.

ஆண்டு விழா அன்று பந்தலில் பாட்டு முழங்கியது. முன்வரிசையில் எம்.டி. கண்ணை மூடித் தலையாட்டினார். ஜெகனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கடைசி வரிசையில் விசில் பறந்தது. நீல ஹெல்மெட்டுகள் சாம்சனின் முதுகைத் தட்டித் தட்டிக் கூச்சல் போட்டார்கள். பாவம், குரல் வெட்டுப்பட்டவனுக்கு ஆறுதல் சொல்றானுங்க என்று ஜெகன் நினைத்துக்கொண்டார்.

இதுதான் சமயம் என்று எம்.டி.யின் காதருகே குனிந்தார். "சார், உங்க குரலுக்கு லேபர் எல்லாம் எப்டி ஆடுறாங்க பாருங்க. இது ஒண்ணு போதும்னுதான் சார் மத்த எல்லாரையும் அமுக்கச் சொல்லிட்டேன்."

எம்.டி. கண்ணைத் திறந்தார்.

"நான் பாடி அனுப்பவே இல்லையே, ஜெகன்."