மீசை வச்ச மருத்துவச்சி

"மீசை வச்ச மருத்துவச்சிய எந்த ஊர்லயாவது பார்த்திருக்கியாடா?"

சின்னத்தாய் இதையே மறுபடியும் மறுபடியும் மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே மருமகள் கங்கா வலியில் முனகினாள். வாசலில் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ரெங்கசாமி மருந்துப் பையோடு நின்றார்.

"பனிக்குடம் உடைஞ்சு எவ்வளவு நேரமாச்சு. இன்னும் தாமதிச்சா ரெண்டு உசிரும் போயிரும்மா."

"ஆம்பளை கை பட்டவளை நான் எப்படி வீட்டுல வச்சுக்கிறது? டேய், புக்கிட் ரோத்தான் நர்ஸ் மிஸ்ஸியக் கூட்டிட்டு வா."

"போலீஸ்காரனுங்க காட்டுல கம்யூனிஸ்ட்டுகளத் தேடுறானுங்க ஆத்தா. பகல்லயே ஊரடங்கு. வேலியத் தாண்டினா சுட்டுருவான் லா," என்றான் மகன் இருசப்பன்.

லயத்து வீட்டுச் சனமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. வேடிக்கை பார்க்க மட்டும் ஊரடங்கு இல்லை போலும்.

"பொண்டாட்டி செத்த மனுசன். டிரசருக்கு அவசரமா இருக்காதா?" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

ரெங்கசாமி பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"ரோஷத்தப் பாரு," என்றாள் சின்னத்தாய்.

சற்று நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. அதிலிருந்து மிஸ்ஸி இறங்கி உள்ளே ஓடினாள்.

குழந்தை அழும் சத்தம் கேட்டது. ஆண் பிள்ளை. கங்காவும் பிழைத்தாள்.

"மாரியாத்தாதான் உங்கள அனுப்பி வச்சா தாயி," சின்னத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அனுப்பினது உங்க டிரசர்." மிஸ்ஸி கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "ஊரடங்குல வெளியே போக எனக்குப் பாஸ் இருக்கு, அவருக்கு இல்ல. விஷயத்தச் சொல்லிட்டுத் திரும்பினவர என் வீட்டு வாசல்லயே போலீஸ் பிடிச்சுட்டாங்க. பை நிறைய மருந்து. காட்டுல இருக்கிறவங்களுக்குத்தான் கொண்டு போறார்ங்கிறாங்க."

"பிரசவத்துக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றான் இருசப்பன்.

"சொன்னார். 'பிரசவம் பார்க்கத் தெரிஞ்ச நீ ஏன் வெளியே வந்தே?'ன்னு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் கேட்டார். 'பொம்பளைங்க என்னைத் தொட விடல'ன்னார். அந்த ஆளு சிரிக்கிறார்."

இப்போது லயத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"அவரக் கப்பலேத்தி இந்தியாவுக்கே அனுப்பிடுவாங்க. ஜீப் நிக்குது. 'நாங்கதான் தொட விடல'ன்னு யாராவது ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்க."

சின்னத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருசப்பன் தரையைப் பார்த்தான். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

"ஒருத்தர் வந்தாப் போதும்," என்றாள் மிஸ்ஸி மறுபடியும்.