கப்பலுக்கு முன்னே வந்த மருந்து

டாலிகஞ்சில் என் பக்கத்து வீட்டு சம்சாத்தின் ஒரு வயதுக் குழந்தை காய்ச்சலில் கிடந்தது. மருந்து மெட்ராஸிலிருந்து வரவேண்டும். கப்பலேறப் போன முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்தனுப்பியதாக அவள் தம்பி தந்தி அடித்திருந்தான். இங்கே யாருக்கும் எதுவும் அப்படித்தான் வரும். கப்பல் வெள்ளிக்கிழமை வரும். அதுவரை குழந்தை தாங்குமா என்று டாக்டருக்கே சந்தேகம்.

செவ்வாய்க்கிழமை ஜம்புலிங்கம் என்று ஒருவர் வந்து புட்டியைக் கொடுத்தார். சம்பளம் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை என்று நான் விசாரிப்பதற்குள் போய்விட்டார். கப்பல் இன்னும் நடுக்கடலில் இருக்கிறதே என்பது எனக்கே உறைக்கவில்லை. எனக்கு உறைக்காத விஷயம் இந்தத் தெருவில் கிடையாது. மறுநாள் குழந்தை பால் குடித்தது.

வெள்ளிக்கிழமை கப்பலிலிருந்து இறங்கிய அதே ஜம்புலிங்கம் சம்சாத் வீட்டு வாசலில் நின்று அழுதார்.

"மன்னிச்சிடும்மா. செவ்வாய்க்கெழம பெட்டியத் தெறந்தா மருந்தக் காணோம்."

"அரே அண்ணே, நீங்கதானே கொண்டாந்து குடுத்தீங்க!"

"இந்த ஊர்ல நான் கால வைக்கிறதே இப்பதாம்மா."

வயசு நாற்பதுதான் இருக்கும், அதற்குள் இவ்வளவு மறதியா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

புதுமுகம் கண்டால் வீறிட்டு அழும் அந்தக் குழந்தை, தாயின் இடுப்பிலிருந்து அவரிடம் இரண்டு கைகளையும் நீட்டியது.